அரைக்கீரை மசியல்: மூடி போடாமல், கொஞ்சம் தண்ணீரில்

ஒரு கட்டு அரைக்கீரை, கால் டம்ளர் தண்ணீர், சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம், உப்பு. பாத்திரம் என்று பார்த்தால் ஒரு மண்சட்டியும் ஒரு மத்தும். கடைசியில் கொட்டும் தாளிப்பைத் தவிர, கீரை மசியலுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். பருப்பும் தேங்காயும் சேர்ந்தால் அது கூட்டு. அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கீரையின் ருசி மட்டும் நாக்கில் நிற்க வேண்டுமென்றால் இந்த வழியைத்தான் சொல்வேன். அடுப்பில் இருக்கும் நேரம் 12 நிமிடத்தைத் தாண்டாது. நேரமெல்லாம் அதற்கு முன்னால், ஆய்வதிலும் அலசுவதிலும் போகிறது.

கீரை வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். பூ விட்ட கட்டை நான் எடுப்பதில்லை. பூ வந்த பிறகு இலை சிறுத்து, தண்டு நாராகியிருக்கும். ஒரு தண்டை ஒடித்துப் பார்க்க வேண்டும். சட்டென்று ஒடிந்தால் இளசு, வளைந்து நார் இழுத்தால் முற்றல். இலையைத் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். அடியில் வெள்ளைக் கொப்புளமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் அந்தக் கட்டு முழுக்கவே அப்படித்தான் இருக்கும். ஒன்றிரண்டு இலையில் பூச்சி கடித்த ஓட்டை இருந்தால் பரவாயில்லை, அந்த இலையை நான் ஒதுக்குவதும் இல்லை. முட்டையோ கூடோ ஒட்டியிருந்தால் மட்டும் அந்த இடத்தைக் கிள்ளி எறிகிறேன்.

ஆயும்போது இலையை ஒரு பக்கம், இளந்தண்டை ஒரு பக்கம் பிரித்து வைக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது என்பதால்தான் இந்தப் பிரிப்பு. விரலால் நசுக்கினால் நசுங்குகிற தண்டு எல்லாம் சமையலுக்கு ஆகும். அதற்குக் கீழே வேரோடு ஒட்டிய பகுதி செடித்தொட்டிக்கு உரமாகப் போகிறது. ஒரு கட்டை ஆய்ந்து முடித்தால் 250 கிராம் அளவுக்குக் கீரை கிடைக்கும். பார்க்கும்போது ஒரு முறம் நிறைய இருக்கும். வெந்த பிறகு மூன்று பேருக்கு ஆளுக்கு ஒரு கரண்டி வரும். இலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் என்பதால் இந்தச் சுருக்கம். உப்பைக் கடைசியில் போட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். பச்சைக் கீரையின் குவியலைப் பார்த்து உப்பு போட்டால் கட்டாயம் கரித்துவிடும்.

இப்போது அலசல். இதில் அவசரப்பட்டால் பிறகு எந்தத் தாளிப்பும் காப்பாற்றாது. ஒரு துணுக்கு மணல் பல்லில் நறநறத்தால் போதும், சாப்பிடுகிறவர் தட்டை நகர்த்திவிடுவார். அகலமான, ஆழமான பாத்திரம் வேண்டும். கீரை தாராளமாக மிதக்கிற அளவு தண்ணீர் ஊற்றி, கையால் மெதுவாக அலைத்துவிட்டு, இரண்டு நிமிடம் அப்படியே விடுகிறேன். மண் அடியில் படிந்துவிடும். அதன்பின் கீரையை இரண்டு கையாலும் மேலாக அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து, சல்லடையில் கீரையோடு தண்ணீரைக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் அடியில் படிந்த மண் எல்லாம் மறுபடி கீரையின் மேலேயே வந்து விழும். அள்ளி எடுத்தபின் பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பார்க்கிறேன். நெருநெருவென்று இருந்தால் மறுபடி ஒரு தண்ணீர். மழைக்காலத்துக் கீரைக்கு நான்கு தண்ணீர்கூடத் தேவைப்படும். எத்தனை முறை என்று கணக்கு வைக்க வேண்டியதில்லை. விரல் சொல்லும்போது நிறுத்தினால் போதும். முதல் தண்ணீரில் ஒரு கை கல்லுப்பு போட்டால் ஒட்டியிருக்கும் சின்னப் பூச்சிகள் விடுபடும்.

அலசிய பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு அலசினால், வெட்டிய ஓரங்கள் வழியாகத் தண்ணீரில் கரையும் சத்துகள் போய்விடும். வைட்டமின் சி, ஃபோலேட் (பி வகை வைட்டமின்; ஃபோலிக் அமிலம் அதன் ஒரு வடிவம்) இரண்டும் அந்த ரகம். ஃபோலிக் அமிலம் என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது, 1941இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் டன் கணக்கில் ஸ்பினாச் கீரையை எடுத்து, அதிலிருந்து பிரித்துப் பெயர் வைத்த பொருள். அதைத் தண்ணீரோடு சாக்கடையில் விட எனக்கு மனசு வராது.

சமைக்கும் முறையில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பார்க்க ஒரே கட்டை மூன்று பங்காகப் பிரித்து, மூன்று விதமாக வேகவைத்தேன். ஒரு பங்கு குக்கரில் ஒரு விசில். இரண்டாவது பங்கு பாத்திரத்தில், மூடி போட்டு. மூன்றாவது அதே மாதிரிப் பாத்திரத்தில், திறந்தபடி. தண்ணீர், உப்பு, பூண்டு எல்லாம் மூன்றுக்கும் ஒரே அளவு.

குக்கர் கீரை நன்றாக மசிந்தது, அதில் குறை இல்லை. ஆனால் நிறம் பழுப்பேறி, காய்ந்த இலையின் வாடை வந்தது. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி வரை ஏறும். அரைக்கீரை மாதிரியான மெல்லிய இலைக்கு அது தேவையே இல்லை. மூடி போட்ட பாத்திரத்துக் கீரையும் ஏழெட்டு நிமிடத்தில் மங்கிப்போனது. திறந்து வைத்ததுதான் பச்சையாக நின்றது. மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்தபோதும் திறந்த பாத்திரத்துக் கீரைக்குத்தான் இலை மணம் இருந்தது. மூடி போட்டதில் லேசான கனத்த வாடை.

இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். அதன் மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அந்த மெக்னீசியம் கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் ஏறிவிடும். அப்போது பச்சை போய்ப் பழுப்பு வருகிறது. நாம் புளி போடாவிட்டாலும் இலைக்குள்ளேயே அமிலங்கள் உண்டு. பச்சை இலையில் அவை தனித்தனி அறைகளில் அடைபட்டிருக்கும். வேகும்போது அறைகள் உடைந்து எல்லாம் கலந்துவிடும். அந்த அமிலங்களில் சில ஆவியோடு வெளியேறக் கூடியவை. திறந்திருந்தால் போய்விடும். மூடி இருந்தால் மூடியில் முட்டி, நீராக மாறி, மறுபடி கீரையிலேயே சொட்டும். மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் சொட்டுகிற தண்ணீர் கண்ணுக்கே தெரியும்.

இதற்கு இன்னொரு சாட்சி புளிச்சகீரை. அதற்குப் புளிப்பு கூடவே பிறந்தது. வாணலியில் விழுந்த சற்று நேரத்திலேயே பழுப்பாகிவிடும். மூடினாலும் திறந்தாலும் தப்பாது. அந்தக் கீரையில் பச்சையை எதிர்பார்க்கவே கூடாது, அதன் அழகு புளிப்பில்தான்.

நிறம் நிற்க ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுகிற வழக்கம் உண்டு. நிறம் நிற்கும், அது உண்மை. ஆனால் சோடா இலையின் செல் சுவரைக் கரைத்துக் கொழகொழவென்று ஆக்கிவிடும். வைட்டமின் சி-யையும் தையமின் என்ற வைட்டமின் பி1-ஐயும் அழித்துவிடும். மூடியைத் திறந்து வைத்தால் செலவில்லாமல் கிடைக்கிற நிறத்துக்கு நான் சோடாவைத் தொட மாட்டேன்.

இனி அடுப்பு. மண்சட்டியில் கால் டம்ளர் தண்ணீர், சுமார் 50 மில்லி, ஊற்றி, அதில் உரித்த சின்ன வெங்காயம் 8, பூண்டு 5 பல், கீறிய பச்சை மிளகாய் 2, அரை ஸ்பூன் சீரகம், பொடியாக நறுக்கிய இளந்தண்டு எல்லாவற்றையும் போட்டு முதலில் வேகவிடுகிறேன். இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் மூடி போடலாம். இலை இன்னும் உள்ளே வரவில்லையே. பூண்டை இலையோடு சேர்த்தே போட்டால், பூண்டு வேகும் வரை இலை காத்திருந்து குழைந்துபோகும். நான்கைந்து நிமிடத்தில் பூண்டைக் கரண்டியால் அழுத்தினால் நசுங்கும். அதுதான் இலையைப் போடும் நேரம். அதற்குள் தண்ணீர் வற்றியிருந்தால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக்கொள்ளலாம்.

கீரை முழுவதையும் ஒரே தடவையில் திணிக்க வேண்டாம். ஒரு கைப்பிடி போட்டு, அது துவண்டதும் அடுத்த கைப்பிடி. அலசிய இலையில் ஒட்டியிருக்கும் ஈரமும், இலை விடுகிற தண்ணீரும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் சட்டியில் நீர் ஏறிவிடும். கால் டம்ளர் போதுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இந்த ஒரு நிமிடம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். தீ நடுத்தரமாக இருக்கட்டும். முதலில் பச்சை இன்னும் பளிச்சென்று ஏறும். இலைக்குள் இருக்கும் காற்று வெளியேறுவதால் அப்படித் தெரிகிறது. பிறகு மெல்ல ஆழ்ந்த பச்சைக்கு மாறும். ஐந்து, ஆறு நிமிடம் போதும். ஓர் இலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தால் வழவழவென்று விலக வேண்டும்.

மண்சட்டியில் சமைத்தால் ஒரு நிமிடம் முன்னாடியே அடுப்பை அணைக்கிறேன். சட்டி சீக்கிரம் சூடாகாது, சீக்கிரம் ஆறவும் ஆறாது. அணைத்த பிறகும் கீரை வெந்துகொண்டேதான் இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்துக்கு இந்தக் கணக்கு கிடையாது. இரும்பு வாணலியை இந்த வேலைக்கு நான் எடுப்பதில்லை, கீரை கறுத்துப்போகிறது. புதுச் சட்டி என்றால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அரிசி கழுவிய தண்ணீரையோ கஞ்சியையோ ஊற்றிக் கொதிக்கவிட்டுப் பழக்க வேண்டும். சோப்பு போட்டுக் கழுவினால் சட்டியின் நுண்துளைகள் அதை இழுத்துக்கொள்ளும். தேங்காய் நாரும் வெந்நீருமே போதும். கீரை கடைவதற்கென்றே உள்பக்கம் சொரசொரப்பாகக் கோடு போட்ட சட்டி கிடைக்கிறது. கிடைத்தால் அதையே வாங்குங்கள், மத்துக்குப் பாதி வேலை மிச்சம்.

மசிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடைவதற்கு முன் சட்டியில் நிற்கும் தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்து வைத்துக்கொள்கிறேன். தண்ணீரோடு கடைந்தால் இலை மத்துக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருக்கும், மேலெல்லாம் தெறிக்கும். தண்ணீர் இல்லாமல் முதலில் மத்தால் அழுத்தி, பூண்டையும் மிளகாயையும் சட்டியின் ஓரத்தில் வைத்து நசுக்கி, அதன்பின் உருட்டிக் கடைந்தால் இரண்டே நிமிடத்தில் சேர்ந்து வரும். இப்போது உப்பு, அரை ஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக. வடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஊற்றி, வேண்டிய பதத்துக்குக் கொண்டுவரலாம். சோற்றில் பிசைய என்றால் தளர, தொட்டுக்கொள்ள என்றால் கெட்டியாக.

மிக்ஸியில் ஏன் அரைக்கக் கூடாது என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அரைக்கலாம், ஆனால் கிடைப்பது வேறு. மத்து இலையை நசுக்கிப் பிரிக்கிறது. சாப்பிடும்போது இலையும் தண்டும் நாக்குக்குத் தெரியும். மிக்ஸியின் கத்தி எல்லாவற்றையும் ஒரே மாவாக வெட்டி, நடுவில் காற்றையும் அடைத்து நுரைக்க வைக்கிறது. நேரம் இல்லாத நாளில் மிக்ஸிதான் வழி என்றால், நன்றாக ஆறவிட்டு, விட்டுவிட்டு இரண்டு சுற்று மட்டும். சூட்டோடு போட்டு ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும், கையும் முகமும் வெந்துபோகும்.

விடுதியில் தங்கிப் படிக்கும் அக்கா மகள் இந்த முறையைப் போனில் கேட்டுச் செய்து பார்த்தாள். "சித்தி, எங்கிட்ட மத்தும் இல்ல, மண்சட்டியும் இல்ல. இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு எவர்சில்வர் குண்டானும்தான் இருக்கு" என்றாள்.

"அது போதும்டா. எவர்சில்வர் டம்ளரோட அடியால அழுத்தி மசி. தண்ணிய மட்டும் முதல்ல வடிச்சிடு."

"தாளிக்க ரெண்டாவது பாத்திரம் இல்லையே?"

"முதல்லயே அதே குண்டான்ல தாளிச்சு, ஒரு கிண்ணத்துல எடுத்து வெச்சுக்க. அப்புறம் அதுலயே தண்ணி ஊத்தி ஆரம்பி. கடைசியா கொட்டிக் கிளறு, முடிஞ்சுது."

அவள் அனுப்பிய படத்தில் கீரை நல்ல பச்சையாகத்தான் இருந்தது. பாத்திரம் எதுவானாலும் தண்ணீர் குறைவு, மூடி இல்லை, பூண்டு முதலில் என்ற மூன்றையும் பிடித்துக்கொண்டால் நடந்துவிடுகிறது.

தாளிப்புக்கு நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன், கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு காய்ந்த மிளகாய். வீட்டில் தாளிப்பு வடகம் இருந்தால் மற்றதெல்லாம் வேண்டாம், ஓர் உருண்டையை உதிர்த்துப் பொரித்துக் கொட்டினால் தெரு வரை மணக்கும். எண்ணெயைச் சிலர் உடம்புக்காகத் தவிர்க்கிறார்கள். கீரையில் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சரியாக ஏறும், அதனால் ஒரு ஸ்பூனாவது விட வேண்டும். கீரையின் இரும்புச்சத்துக்கு அதே போல வைட்டமின் சி துணை. சாப்பிடும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். சட்டியில் அல்ல, தட்டில். புளிப்பு சூட்டில் என்ன செய்யும் என்பதைத்தான் மேலே பார்த்தோமே. புளி சேர்த்துக் கடைவது பழக்கம் என்றால் அடுப்பை அணைக்கும் முன் கடைசியில் சிறிதளவு கரைத்து விடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பது அந்த இரும்புச்சத்தைத் தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது நல்லது.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டலாமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. அரைக்கீரை, சிறுகீரை, பாலக் போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம், அதில் ஒரு பகுதி தண்ணீரில் கரையும். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள், நிறையத் தண்ணீரில் வேகவைத்து அதை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைப்பது பொருத்தம்; எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தொல்லை இல்லாதவர்கள் அந்தத் தண்ணீரைக் கொட்டக் காரணமே இல்லை. சத்தும் ருசியும் அதில்தான் இறங்கியிருக்கிறது.

இதே முறை எல்லாக் கீரைக்கும் அப்படியே பொருந்தாது. பாலக்குக்குத் தண்ணீரே வேண்டாம், அலசிய ஈரம் போதும், மூன்று நிமிடத்தில் இறக்கிவிடலாம். முளைக்கீரையும் சிறுகீரையும் அரைக்கீரை மாதிரியேதான். தண்டுக்கீரையில் தண்டை நார் உரித்துத் தனியாக எட்டு நிமிடம் வேகவைத்தபின் இலை. மணத்தக்காளிக்குக் கசப்பு உண்டு. அதை மட்டும் நான் பாசிப்பருப்போடு சேர்த்துச் செய்கிறேன். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் மத்துக்கு மசியாது. அவற்றைப் பொரியலாகச் செய்வதே சரி.

கீரையை இரவில் சாப்பிடக் கூடாது என்று வீடுகளில் சொல்வதற்கு, மதியம் சமைத்தது இரவு வரை வெளியே கிடக்கும் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இலைகளில் இயல்பாகவே நைட்ரேட் இருக்கிறது. சமைத்த கீரை வெளியே கிடந்தால் பாக்டீரியா பெருகி அதை நைட்ரைட்டாக மாற்றும். கைக்குழந்தைகளுக்கு அது நல்லதல்ல. ஆகவே குழந்தைக்கு ஊட்டுவது என்றால் அப்போதே செய்து அப்போதே ஊட்ட வேண்டும். பெரியவர்களுக்கு மீந்தது என்றால் ஆறியவுடன் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளைக்குள், ஒரே ஒரு முறை சூடாக்கித் தீர்த்துவிட வேண்டும்.

மீந்த மசியலை நான் பெரும்பாலும் சப்பாத்தி மாவில் போட்டுப் பிசைகிறேன். இரண்டு டம்ளர் கோதுமை மாவுக்கு ஒரு கரண்டி மசியல். முதலில் அதை மட்டும் சேர்த்துப் பிசைந்து பார்த்து, போதாவிட்டால் தண்ணீரைத் தெளித்துக்கொள்ளலாம். உப்பைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும், மசியலில் ஏற்கெனவே இருக்கிறது. தாளித்த காய்ந்த மிளகாயை எடுத்துவிட்டுப் பிசையுங்கள், இல்லாவிட்டால் தேய்க்கும்போது சப்பாத்தி கிழியும்.